கேள்வி–பதில்: வெளிநாட்டுப் போலீசும் நம்ம ஊர் கேமராவும்

போன இதழில் பயணப் படங்கள் பற்றி ஒரு பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் லென்ஸ் பற்றியோ வெளிச்சம் பற்றியோ இல்லை, போலீஸ் பற்றித்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதுவே.

முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர்: அண்ணா, போன மாதம் பாரிசில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு தெருவில் மஞ்சள் சுவரும் நீல மரக்கதவுமாக அப்படியே நம்ம புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதி மாதிரி இருந்தது. அத்தையை அந்தக் கதவுக்கு முன்னால் நிற்க வைத்து ஏழெட்டுப் படம் எடுத்தேன். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து என்ன எடுக்கிறாய், காகிதங்களைக் காட்டு என்றார்கள். பாஸ்போர்ட் அத்தை வீட்டு பீரோவில். எனக்குப் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தோடு சரி. பயத்தில் படங்களை எல்லாம் நானே டெலீட் செய்துவிட்டேன், அவர்கள் அழிக்கச் சொல்லவே இல்லை என்று அத்தை அப்புறம் சொன்னார். இன்னொரு கூத்து, கொஞ்சம் சிநேகமாகப் பேசிப் பார்க்கலாம் என்று, கடற்கரைச் சாலையில் எடுத்து வைத்திருந்த நம்ம ஊர் சிவப்புக் கெப்பித் தொப்பிப் போலீஸ்காரர் படத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "எந்த ஊருக்குப் போனாலும் போலீஸ்காரர்களைத்தான் படம் எடுப்பீர்களா?" என்று கேட்டார். அரை மணி நேரம் கழித்து விட்டுவிட்டார்கள். நான் செய்தது தப்பா?

முதலில் அவசரமான விஷயம். அழித்த படம் போனை விட்டு உடனே போவதில்லை. ஐபோனில் 'சமீபத்தில் அழித்தவை' என்ற ஆல்பத்தில் 30 நாள் கிடக்கும். கூகுள் போட்டோஸில் குப்பைத்தொட்டியில் கிடக்கும், பேக்கப் ஆன படமாக இருந்தால் 60 நாள், ஆகாததாக இருந்தால் 30 நாள். உங்கள் கடிதத்தில் இருந்த தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் கெடு தாண்டிவிடும் என்பதால் போனிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அத்தை திரும்பி வந்துவிட்டார், எட்டுப் படத்திலும். மற்ற வாசகர்களுக்கும் தெரியட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் படங்களை எனக்கும் அனுப்பினீர்கள் அல்லவா, அதில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. உங்கள் கண்ணுக்கு அத்தையும் நீலக் கதவும் தெரிகின்றன. நான் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தையின் இடது தோளுக்கு மேலே சுவரில் ஒரு கண்காணிப்புக் கேமரா, அதற்குக் கீழே ஓர் இரும்புத் தடுப்பு, கதவு நிலையில் சிவப்பு முக்கோணம் போட்ட ஒரு சின்ன அட்டை. அந்த முக்கோணம் 'விஜிபிராத்' என்கிற பிரெஞ்சுப் பாதுகாப்பு ஏற்பாட்டின் அடையாளம். பள்ளிக்கூடம், அருங்காட்சியகம், அரசு அலுவலகம் என்று பல வாசல்களில் ஒட்டியிருக்கும். அது மட்டும் இருந்தால் பெரிய விஷயம் இல்லை. தடுப்பும் கேமராவும் சேர்ந்திருந்தால் உள்ளே இருப்பது ஏதோ காவல் வேண்டிய இடம். நீங்கள் கதவு முழுசாக விழ வேண்டும் என்று ஏழெட்டு முறை எடுத்திருக்கிறீர்கள். நீங்கள் எதற்காக எடுத்தீர்கள் என்பது தூரத்தில் நின்று பார்த்தவருக்கு எப்படித் தெரியும்? ஒரு ஆள் ஒரே வாசலைத் திரும்பத் திரும்ப எடுக்கிறான், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். 2015 ஜனவரித் தாக்குதலுக்குப் பிறகு பாரிஸ் தெருக்களில் துப்பாக்கியோடு ராணுவ வீரர்களே ரோந்து போகிறார்கள், அதற்கு 'சென்டினல்' என்று பெயர். அந்த ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சட்டப்படி பார்த்தால் நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. பிரான்சில் பொதுத் தெருவில் நின்று படம் எடுக்கலாம், பணியில் இருக்கும் போலீசையே எடுக்கலாம். சில சிறப்புப் பிரிவினரின் முகத்தை அடையாளம் தெரியும்படி வெளியிடுவது மட்டும் குற்றம். போலீஸ்காரர் முகம் தெரியும் படங்களைப் பரப்புவதை இன்னும் இறுக்கமாகத் தடுக்க 2020-ல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், ஊரே தெருவில் இறங்கியது, கடைசியில் 2021 மே மாதம் அவர்களுடைய அரசியல் சட்ட மன்றம் அந்தப் பிரிவை அடித்துவிட்டது. தெருவில் நிற்கும் போலீஸ்காரர் தன் இஷ்டத்துக்கு உங்கள் படத்தை அழிக்கவும் முடியாது. எனவே நீங்கள் பயந்துபோய் அழித்தது தேவையே இல்லாத வேலை, சொல்லப்போனால் விபரீதமான வேலையும்கூட. போலீஸ் வந்து நிற்கும்போது ஒருவன் மளமளவென்று படங்களை அழித்தால் பார்ப்பவர் என்ன நினைப்பார்? அத்தை நிற்கிற படத்தைத் திருப்பிக் காட்டி "செ மா தாந்த்" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. இது என் அத்தை என்று அர்த்தம், அந்த அளவு பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்ததுதான் உங்கள் உண்மையான தப்பு. அங்கே வெளிநாட்டுக்காரர் தன் தங்கும் அனுமதிக்கான காகிதத்தைக் கேட்டால் காட்ட வேண்டும். யார் என்று நிரூபிக்க முடியாவிட்டால் சரிபார்ப்பதற்காக ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் 4 மணி நேரம் வரை வைத்திருக்கலாம், சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அரை மணியில் விட்டார்கள் என்றால் அத்தை அங்கத்திப் பிரஜை என்பதாலும், அவர் பேசிய பேச்சாலும்தான் இருக்கும்.

கெப்பித் தொப்பி விஷயத்துக்கு நான் என்ன சொல்ல. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன தொப்பியை நாம் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறோம், பாரிஸ் போலீஸ் தினசரிப் பணிக்கு அதைப் போடுவதை விட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. அவருக்கு அது ஏதோ பழைய சினிமா வேஷம் மாதிரி தெரிந்திருக்கும். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் இன்னொரு போலீஸ்காரர் படத்தைக் காட்டித் தப்பிக்கப் பார்த்த முதல் ஆள் நீங்கள்தான் என்று நினைக்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூர் வாசகி: மகன் துபாயில் இருக்கிறான். நாங்கள் இருவரும் டிசம்பரில் போகிறோம். "அங்கே வந்து சும்மா சும்மா போட்டோ எடுக்காதீங்கம்மா" என்று இப்போதே மிரட்டுகிறான். அவ்வளவு கடுமையா?

மகன் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. அமீரகத்தில் பிரச்சினை கட்டடத்தை விட மனிதர்களால் அதிகம் வருகிறது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவரைப் படம் எடுத்து அவருடைய அந்தரங்கத்தில் தலையிடுவது அங்கே குற்றம். 2021-ல் வந்த இணையக் குற்றச் சட்டத்தில் குறைந்தது 6 மாதச் சிறை, அல்லது 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. நம் பணத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டாம், பயணமே கசந்துவிடும். விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரைப் படம் எடுப்பதும் அதே பிரிவில் வருகிறது. ரோட்டில் ஏதாவது நடந்தால் முதலில் போனைத் தூக்குகிற நம் ஊர்ப் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

அதற்காகக் கேமராவே கூடாது என்று இல்லை. புர்ஜ் கலீஃபா முன்னால் உலகமே நின்று எடுக்கிறது. பேரனை எடுங்கள், மருமகளை எடுங்கள். மாலில் எடுக்கும்போது பின்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், முக்கியமாகப் பெண்கள் இருந்தால், இரண்டு அடி நகர்ந்து சுவர்ப் பக்கமாக நிற்க வையுங்கள். அரசு அலுவலகம், ராணுவ இடம், அரண்மனை வாசல் பக்கம் வேண்டவே வேண்டாம். யாராவது "என்னை எடுத்தீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று சாதிக்காமல் படத்தைக் காட்டி, வருத்தம் சொல்லி, அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள். மேலே முத்தியால்பேட்டைத் தம்பிக்கு அழிக்காதே என்றேன், உங்களுக்கு அழியுங்கள் என்கிறேன். கேட்பது போலீஸ் இல்லை, படத்தில் விழுந்தவரே கேட்கிறார். அவர் புகார் கொடுக்கும் வரை விட்டால்தான் வினை.

கடலூர் முதுநகர் வாசகர்: நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போகலாம் என்று நண்பர்கள் ஐந்து பேர் கிளம்புகிறோம். இலங்கையில் தமிழிலேயே பேசிச் சமாளித்துக்கொள்ளலாம்தானே?

யாழ்ப்பாணத்தில் பேச்சுக்குக் கவலை இல்லை. படத்துக்குக் கொஞ்சம் கவலைப்படுங்கள். நாகையிலிருந்து போகும் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. அது போய் நிற்கும் காங்கேசன்துறை பயணிகள் துறை மட்டும் இல்லை, இலங்கைக் கடற்படையின் வடக்குத் தளமும் அங்கேதான். கப்பலை விட்டு இறங்கியதும் ஐந்து பேரும் தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுக்கத் தோன்றும், எனக்கே தோன்றும். உங்களுக்குப் பின்னால் விழுவது போர்க்கப்பலாக இருக்கலாம். ஊருக்குள் போய் நல்லூர்க் கோபுரத்துக்கு எதிரே நின்று எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கில் ராணுவ முகாம் வேலியை எங்கே பார்த்தாலும் போன் பையில்.

புத்தர் சிலை விஷயம் தனி. அங்கே சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பதே அவமரியாதை. 2012-ல் மூன்று பிரெஞ்சுச் சுற்றுலாப் பயணிகள் சிலைக்கு முத்தம் கொடுப்பது போலப் படம் எடுத்தார்கள். காலி என்கிற ஊரில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்தபோது கடைக்காரர்கள் பார்த்துப் போலீசுக்குச் சொல்ல, கோர்ட்டில் 6 மாதச் சிறை என்று தீர்ப்பாகி அது நிறுத்தி வைக்கப்பட்டது. நானும் ஸ்டூடியோ வைத்திருந்தவன் என்பதால் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் கடைக்காரர் ஞாபகம்தான் வந்தது. பிரிண்ட் போடுகிறவன் ஊரார் படம் எல்லாவற்றையும் பார்க்கிறான், யாரும் அதை யோசிப்பதே இல்லை.

கடலூர் ஜங்ஷன் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ரயில் எஞ்சின் நம்பர் எழுதுவது, விமானம் படம் எடுப்பதெல்லாம் என் பொழுதுபோக்கு. அதற்கெல்லாம் வெளிநாட்டில் பிடிப்பார்களா சார்?

பிடித்திருக்கிறார்கள். 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டில் கலமாட்டா விமானப்படைத் தளத்தில் 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்தார்கள். அவர்கள் செய்தது நீங்கள் செய்கிற வேலைதான், விமானம் பார்த்து நம்பர் குறிப்பது. தளத்தில் பொதுமக்களுக்கான நிகழ்ச்சி நடந்தது என்று போயிருக்கிறார்கள். ஐந்து வாரத்துக்கும் மேல் சிறையில் கிடந்தார்கள். 2002 ஏப்ரலில் தண்டனையே கொடுத்தார்கள், சிலருக்கு மூன்று வருடம். அப்பீலில் அந்த வருட நவம்பரிலேயே எல்லோரும் விடுதலை. ஏன் இப்படி ஆனது தெரியுமா? இங்கிலாந்தில் தகர டப்பாவில் டீ வைத்துக்கொண்டு விமானம் பார்ப்பது தாத்தா காலத்துப் பொழுதுபோக்கு, கிரேக்கப் போலீசுக்கு அப்படி ஒரு பொழுதுபோக்கு உலகத்தில் இருக்கிறது என்பதே நம்ப முடியவில்லை. சும்மா எதற்கய்யா ஒருவன் நம்பர் எழுதுவான் என்பதுதான் அவர்கள் கேள்வி.

இந்த நோட்டுப்புத்தகம்தான் உங்களுக்கு ஆபத்து. படத்தைக் கூட விளக்கிவிடலாம், நம்பர் வரிசையாக எழுதிய நோட்டை விளக்குவது கஷ்டம். ராணுவ விமானம் இருக்கும் இடத்துக்கு நோட்டோடு போகாதீர்கள். ரயில் மேல்தான் பைத்தியம் என்றால் தாஷ்கண்ட் மெட்ரோவுக்குப் போய் வாருங்கள். 1977-ல் திறந்தது, அணுகுண்டுப் பதுங்கிடமாகவும் கட்டியதால் பல காலம் படம் எடுக்கத் தடை. 2018-ல் தடையை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒவ்வொரு அரண்மனை மாதிரி இருக்கும்.

லாஸ்பேட்டை வாசகர்: வெள்ளைக்காரர்கள் நம்ம ஊரில் எங்கே வேண்டுமானாலும் படம் எடுக்கிறார்கள், ஒருவரும் கேட்பதில்லை. நாம் அங்கே போனால் மட்டும் ஏன்?

கேட்பதில்லை என்று யார் சொன்னது? அரவிந்தர் ஆசிரமத்துக்குள் அனுமதி இல்லாமல் படம் எடுக்க முடியாது. ஆரோவில் மாத்ரிமந்திர் உள்ளே போனையே கொண்டுபோக விட மாட்டார்கள், தூரத்தில் பார்வை இடத்தில் நின்று எடுத்துக்கொள்ளலாம். மரின் வீதியில் பிரெஞ்சுத் துணைத் தூதரக வாசலில் பெரிய லென்ஸோடு பத்து நிமிடம் நின்று பாருங்கள், உங்களையும் கேட்பார்கள், வெள்ளைக்காரரையும் கேட்பார்கள். தடை செய்யப்பட்ட இடத்தை வரைபடம் எடுப்பது, படம் எடுப்பது பற்றி நம்மிடம் இருப்பது 1923-ம் வருடத்து அரசு ரகசியச் சட்டம், பிரிட்டிஷ்காரன் போட்டது, இன்றும் உயிரோடு இருக்கிறது. சாட்டிலைட் போன் கொண்டுவரும் வெளிநாட்டுக்காரர்கள் நம் விமான நிலையங்களில் முழிப்பதைப் பார்த்தால் உங்களுக்குப் பாவமாக இருக்கும். அவர்கள் ஊரில் மலை ஏறுகிறவன் எல்லாம் வைத்திருப்பான், இங்கே அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நிறம் பார்த்துக் கேட்பது இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது. லண்டனில் சந்தேகமே இல்லாமல் யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம் என்று ஒரு சட்டப் பிரிவு இருந்தது, கேமராக்காரர்கள் அதில் நிறைய மாட்டினார்கள். 2010-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தவறு என்று சொன்ன பிறகு அதை எடுத்தார்கள். கறுத்த ஆளை அதிகம் நிறுத்துகிறார்கள் என்ற புகார் அங்கேயே அங்கத்திக்காரர்கள் சொல்வதுதான். ஆனால் அந்தக் கோபத்தைத் தெருவில் நிற்கும் போலீஸ்காரரிடம் காட்டி ஜெயித்த பயணியை நான் பார்த்ததில்லை. பெயர், நேரம், இடம் குறித்துக்கொண்டு வந்து பிறகு புகார் எழுதுங்கள்.

பாகூர் வாசகர்: ஒருவேளை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டால்?

"இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-வது பிரிவின்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்டால்தான், நினைவிருக்கட்டும். போகிற ஊரின் இந்தியத் தூதரக அவசர எண்ணைக் காகிதத்தில் எழுதி பர்ஸில் வையுங்கள், போனைத்தான் முதலில் வாங்கி வைப்பார்கள். புரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதியலாம். அப்புறம், மஃப்டியில் வந்து போலீஸ் என்று சொல்லிப் பர்ஸைக் கேட்பவரை நம்பாதீர்கள். "ஸ்டேஷனுக்கே போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள், போலியாக இருந்தால் ஆள் மறைந்துவிடுவான்.

முதலியார்பேட்டை வாசகர்: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்களை எப்போதாவது பிடித்திருக்கிறார்களா?

பிடித்தார்கள். ஃபிலிம் ரோல் காலம். எந்த நாடு என்று வேண்டாம், இன்றும் எனக்கு அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள். காலை ஏழு மணி வெயிலில் தள்ளுவண்டியில் ஒரு பெரியவர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார், ஆவி வெளிச்சத்தில் அப்படிப் போனது. எட்டு ஷாட் எடுத்திருப்பேன். பின்னால் நீளமாக ஒரு வெள்ளைச் சுவர் இருந்ததும், அதில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஓர் அறிவிப்பு இருந்ததும் எனக்குக் கண்ணிலேயே படவில்லை, பின்னணி சுத்தமாக இருக்கிறதே என்றுதான் அந்தக் கோணத்தையே பிடித்தேன். சுவருக்குள்ளிருந்து ஓர் அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் கூட்டிப்போனார், நாற்காலி போட்டார். கேமராவின் பின்மூடியைத் திறந்து ரோலை வெளியே இழுத்தார். பழுப்பு நிறத்தில் அது மேஜை மேல் சுருண்டு சுருண்டு விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 36 படம். டீக்காரர் எட்டு என்றால் மீதி 28-ல் மூன்று நாள் பயணம் முழுக்க இருந்தது.

எல்லாம் முடிந்து காலி ரோல் டப்பாவை மூடி போட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்தேன். பெரியவர் வண்டியை நகர்த்தாமல் எனக்காகக் காத்திருந்தார். படம் எடுக்கும் முன்னால் நான் குடித்த டீக்குக் காசு கொடுக்கவில்லையாம்.